மண்ணில் ஏறிய வில்லங்கம்: மூடிய ஃபேக்டரி நிலத்தைச் சுத்தம் செய்ய யார் பணம் கட்டுவது?

தம்பி, உங்கள் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியட்டும். திருவொற்றியூரில் உங்கள் தெருவை ஒட்டி ஒரு பழைய கெமிக்கல் கம்பெனி. மூடிப் பதினைந்து வருடம் ஆகிறது. நிலம் 2 ஏக்கர். ஷெட்டை உடைத்துப் பழைய இரும்புக்குப் போட்டாயிற்று, காம்பவுண்டும் வேலிகாத்தானும்தான் மிச்சம். கடன் கொடுத்த வங்கி நிலத்தை ஏலம் விடப்போகிறது என்று பேச்சு. ஏரியாவில் பாதிப் பேர் அங்கே விளையாட்டுத் திடலும் ஒரு சுகாதார மையமும் வேண்டும் என்கிறார்கள். மீதிப் பேர், "அந்த மண்ணிலா பிள்ளைகளை விளையாட விடுவது?" என்று பயப்படுகிறார்கள். சுத்தம் செய்ய எவ்வளவு ஆகும், யார் தருவார்கள், அரசாங்கத் திட்டம் ஏதாவது இருக்கிறதா என்பது உங்கள் கேள்வி.

மண்ணைத் துளைத்துப் பார்ப்பதுதான் என் பிழைப்பு. எண்ணூரிலிருந்து கொருக்குப்பேட்டை வரைக்கும் இருபது வருடத்துக்கு மேல் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். நான் கண்டதை வைத்துச் சொன்னால், சுத்தம் செய்வதற்கான பணம் எப்போதுமே எங்கோ இருக்கிறது. ஆலை ஓடும்போது அது விற்பனையில் இருக்கிறது. மூடும்போது முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. நிலம் கைமாறும்போது நிலத்தின் விலைக்குள்ளேயே இருக்கிறது. இந்த மூன்று வாசலிலும் யாரும் கைநீட்டிக் கேட்காவிட்டால் கடைசியில் அது நம் வரிப்பணத்தின் தலையில் வந்து விழும், அங்கே வரிசை மிக நீளம். உங்கள் நிலம் இப்போது மூன்றாவது வாசலில் நிற்கிறது. ஏலம் முடிந்துவிட்டால் அந்த வாசலும் பாதி மூடிக்கொள்ளும். அதனால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

நிலம் வாங்குகிறவர் என்ன பார்ப்பார்? மூலப் பத்திரம், பட்டா, முப்பது வருட வில்லங்கச் சான்று. அடமானம், வழக்கு, பாகப்பிரிவினை எல்லாம் அதில் தெரியும். மண்ணில் ஏறிய விஷம் மட்டும் தெரியாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் அதற்கென்று ஒரு கட்டமே கிடையாது. வட சென்னையில் எத்தனையோ சர்வே எண்களில் கனமான வில்லங்கம் எதுவென்றால், அந்தச் சான்றில் வராத இந்த வில்லங்கம்தான்.

ஒரு முறை கடற்கரைச் சாலைக்கு உள்ளடங்கிய ஒரு மூடிய கம்பெனிக்குள் போர் போட்டோம். நிலத்தை வாங்க வந்தவர் "சும்மா ஒரு சம்பிரதாயத்துக்கு" என்றுதான் கூப்பிட்டிருந்தார். கையால் சுழற்றி மண்ணைத் துளைத்து எடுக்கும் ஆகர்தான் கொண்டுபோயிருந்தோம். முதல் இரண்டு அடி செங்கல் ரப்பீஸ். அதற்குக் கீழே நம் கடலோரத்துக்கே உரிய வெளிர் மஞ்சள் மணல், பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. நாலரை அடியில் ஆகரை வெளியே இழுத்தபோது மணல் சாம்பல் கருப்பாக, கையில் பிசுபிசுவென்று ஒட்டியது. மூக்கருகே கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை, பெயின்ட் தின்னர் வாசனை குழிக்கு மேலேயே நின்றது. ஆறு அடியில் தண்ணீர். அதன்மேல் வானவில் நிறத்தில் ஒரு படலம். சுற்றுச்சுவரை ஒட்டி வாட்ச்மேன் குடும்பத்தின் அடிபம்பு இருந்தது. குளிக்க, துணி துவைக்க அந்தத் தண்ணீர்தான். நாங்கள் குழியைச் சுற்றி நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா ஒரு குடம் அடித்துக்கொண்டு போனார். "நாத்தம் பழகிப்போச்சு சார்" என்றார். வாங்க வந்தவர் மறுநாளே பின்வாங்கிவிட்டார். எங்கள் அறிக்கை அவருடைய பீரோவுக்குள் போயிற்று. பிறகு நிலத்தை வேறொருவர் வாங்கினார், அவர் போர் போடவில்லை. பணம் கொடுத்தவருக்குத்தான் அறிக்கை சொந்தம் என்பதால் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

சரி, செலவுக்கு வருகிறேன். "கோடிக் கணக்கில் ஆகும்" என்று யாராவது சொன்னதும் சங்கக் கூட்டம் கலைந்துவிடும். அதனால் கணக்கைப் போட்டே பார்த்துவிடுவோம். 2 ஏக்கர் என்பது 87,120 சதுர அடி, நம் ஊர்க் கணக்கில் 36 கிரவுண்டுக்குச் சற்றே மேல். அந்த முழு நிலத்தையும் ஒன்றரை மீட்டர் ஆழத்துக்குத் தோண்டினால் சுமார் 12,000 கன மீட்டர் மண், எடையில் ஏறக்குறைய 22,000 டன். 20 டன் ஏற்றும் டிப்பர் என்றால் 1,100 லோடு. அபாயக் கழிவு என்று முத்திரை விழுந்த மண் என்றால் அதைக் கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே உள்ள குழிக்குத்தான் கொண்டுபோக வேண்டும், ஏரியோரத்தில் கொட்டிவிட்டு வர முடியாது. தோண்டி, ஏற்றி, கொண்டுபோய்ப் புதைத்து, நல்ல மண் போட்டு நிரப்ப டன்னுக்கு 3,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறரைக் கோடி. நிலத்தின் சதுர அடிக்குப் பார்த்தால் சுமார் 750 ரூபாய்.

ஆனால் எந்த ஆலையிலும் முழு நிலமும் கெட்டிருக்காது. கெட்டுப்போன இடங்களைத் தேட வேண்டியது டேங்க் நின்ற இடம், டிரம் அடுக்கிய மூலை, கழிவுநீர்த் தொட்டி, பாய்லருக்குப் பின்பக்கம், கொதிகலன் சாம்பல் கொட்டிய பள்ளம் இவற்றில்தான். ஐந்தில் ஒரு பங்குதான் கெட்டிருக்கிறது என்று தெரிந்துவிட்டால் அதே கணக்கு ஒன்றேகால் கோடிக்கு இறங்கிவிடும், சதுர அடிக்கு 150 ரூபாய். எங்கே கெட்டிருக்கிறது, எவ்வளவு ஆழம் என்று கண்டுபிடிக்கும் வேலை சில லட்சங்களில் முடிந்துவிடும். இந்தத் துறையில் இதைவிட லாபமான முதலீடு எதையும் நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சில லட்சத்தைப் போடத்தான் யாரும் முன்வருவதில்லை. தெரிந்துவிட்டால் பொறுப்பு வந்துவிடுமே என்ற பயம்தான் காரணம். விற்பவர் சோதிக்கமாட்டார், வாங்குபவர் சோதித்தாலும் வெளியே சொல்லமாட்டார், வங்கிக்கு அடிப்படை ஏல விலை குறையக்கூடாது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. மேலே சொன்ன கணக்கு மண்ணுக்கு மட்டும். நிலத்தடி நீரில் இறங்கிவிட்டால் கதையே வேறு. பெட்ரோல், டீசல் வகைகள் தண்ணீரின் மேல் மிதக்கும், உறிஞ்சி எடுக்கலாம். குளோரின் கலந்த சில கரைப்பான்கள் தண்ணீரைவிடக் கனமானவை. அவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டு பல வருடம் கசியும். வட சென்னையின் மணலில் நீர்மட்டம் மேலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் ஏறும், கோடையில் இறங்கும். ஏறி இறங்கும்போதெல்லாம் எண்ணெயைச் சுவரில் பூசுவதுபோல மணலில் பூசிவிட்டுப் போகும். 2013-ல் தண்டையார்பேட்டை டி.எச். ரோடு பக்கம் வீட்டு போர்களில் தண்ணீரோடு எண்ணெய் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். துறைமுகத்திலிருந்து எண்ணெய் கொண்டுவரும் நிலத்தடிக் குழாயில் கசிவு. விவகாரம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. அங்கே ஒரு சௌகரியம் இருந்தது. குழாய்க்குச் சொந்தக்கார நிறுவனம் உயிரோடு, கையில் காசோடு இருந்தது. யாரைக் கேட்பது என்ற குழப்பம் இல்லை. உங்கள் நிலத்தில் அந்தச் சௌகரியம் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மாசு செய்தவரே செலவைக் கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் நிலைபெற்றதில் நம் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. வேலூர் மாவட்டத் தோல் தொழிற்சாலைகளை எதிர்த்துப் போடப்பட்ட வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் அதை நாட்டின் சட்டம் என்றே சொல்லிவிட்டது. அதே வருடம் ராஜஸ்தானின் பிச்ரி கிராமத்து வழக்கிலும் அப்படித்தான் தீர்ப்பு. சாய மூலப்பொருள் ஆலைகள் கிணறுகளையெல்லாம் கெடுத்த ஊர் அது. ஆனால் அந்த நிறுவனங்கள் மனுமேல் மனுப் போட்டு இழுத்தன. 37 கோடியே சொச்சம் ரூபாயை வட்டியோடு கட்டு என்று நீதிமன்றம் மறுபடி சொல்ல 2011 ஆகிவிட்டது. பதினைந்து வருடம். கொள்கை உறுதியாக இருந்தும் கையில் காசு வரவில்லை. அதற்குள் கிணற்றுத் தண்ணீர் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

2025 ஜூலையில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் மாசடைந்த இடங்களை நிர்வகிப்பதற்கென்றே தனி விதிகளைக் கொண்டுவந்தது. உங்களுக்கு இதுதான் முக்கியம், கவனமாகப் படியுங்கள். மாவட்ட நிர்வாகம் சந்தேகத்துக்குரிய இடங்களின் பட்டியலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தயாரிக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 90 நாளில் முதற்கட்ட ஆய்வு செய்ய வேண்டும், அதில் சந்தேகம் உறுதியானால் இன்னொரு மூன்று மாதத்தில் விரிவான ஆய்வு. மாசு என்று முடிவானால் அந்த இடத்தைப் பகிரங்கமாக அறிவித்து ஆள் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த வேண்டும். பொறுப்பாளி யார் என்று 90 நாளில் கண்டுபிடிக்க வேண்டும். பொறுப்பாளி கிடைக்காவிட்டாலோ கட்ட வக்கில்லாவிட்டாலோ மத்திய, மாநில அரசுகள் செலவுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும்.

நல்ல விதிகள், நான் வரவேற்கிறேன். ஆனால் இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. சுத்தம் செய்யும் வேலையை எப்போது முடிக்க வேண்டும் என்று கெடு வைக்கவில்லை. அரசாங்கத்தின் கடைசிப் பணம் எந்தத் தனி வரியிலிருந்தும் வருவதல்ல, பெரும்பாலும் பட்ஜெட்டைப் பார்த்துத்தான் இருக்கிறது. விதிகள் வந்த சமயத்தில் நாடு முழுக்க 103 இடங்கள் அடையாளம் காணப்பட்டிருந்தன, அதில் வேலை தொடங்கியது 7 இடத்தில். நம் ராணிப்பேட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூடிய குரோமேட் ஆலை ஒன்று 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை விட்டுவிட்டுப் போய்ச் சுமார் முப்பது வருடம் ஆகிறது. போபாலில் 1984-ல் நடந்த கோரத்துக்குப் பிறகு ஆலைக்குள் கிடந்த 337 டன் கழிவு வெளியேறியது 2025 ஜனவரியில்தான், அதுவும் அரசுப் பணத்தில். அரசு தரும் என்று காத்திருப்பதன் நீளம் இதுதான். கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை 2001-ல் மூடியது. அங்கே நிறுவனம் பெரியது, ஓடிப்போகவில்லை. அதனால் சுத்தம் செய்யும் செலவு அதன் கணக்கிலேயே நின்றது. எவ்வளவு சுத்தம் போதும் என்பதில்தான் வருடக் கணக்கில் சண்டை.

குப்பைமேட்டை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கொடுங்கையூரில் 66 லட்சம் டன் பழைய குப்பையைக் கிளறிப் பிரித்து 250 ஏக்கரை மீட்கும் வேலைக்கு 640 கோடிக்கு மேல் ஒதுக்கினார்களே, எங்கள் 2 ஏக்கருக்கு ஆகாதா என்று உங்கள் செயலாளர் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். அது தூய்மை இந்தியா திட்டத்தின் பை. நகராட்சிக் குப்பைக்கு மட்டுமே திறக்கும். 2025 விதிகளும் குப்பைமேட்டைச் சேர்க்காமல் விட்டுவிட்டன. அதேபோலக் கடலில் கொட்டும் எண்ணெயும் அந்த விதிகளுக்குள் வராது. ஆலை மண்ணுக்கென்றே தனியாக அப்படி ஒரு பை இன்னும் தைக்கப்படவில்லை.

தைத்திருக்கலாம் என்பதுதான் என் ஆதங்கம். 2010-ல் நிலக்கரி டன்னுக்கு 50 ரூபாய் வரி போட்டார்கள், 2016-ல் அது 400 ரூபாய் ஆனது. தூய எரிசக்திக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்று சொல்லி வசூலித்த பணம் அது. எண்ணூர் அனல் மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடும் வரை எரித்த டன்களுக்கும் அந்த வரி உண்டு. அதே 2017-ல் ஜி.எஸ்.டி. வந்ததும் அந்த வரி மாநிலங்களின் வருவாய் இழப்பை ஈடுகட்டும் வரியாக மாறிப்போனது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் கிடக்கிறது, சாம்பலின் பேரில் வசூலான காசு வேறு திசைக்குப் போயிற்று. அமெரிக்காவிலும் இதே கதைதான். நியூயார்க் மாநிலத்தில் ஒரு கெமிக்கல் நிறுவனம் ஆயிரக்கணக்கான டன் கழிவைப் புதைத்த இடத்தை 1953-ல் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தது. அங்கே பள்ளிக்கூடம் வந்தது, வீடுகள் வந்தன. 1978-ல் அங்கிருந்த குடும்பங்களைக் காலி செய்யத் தொடங்க வேண்டியதாயிற்று. லவ் கெனால் என்று பெயர். அதற்குப் பிறகுதான் 1980-ல் அங்கே தனிச் சட்டம் போட்டு, பெட்ரோலியம், ரசாயனப் பொருள்கள் மீது வரி விதித்து நிதி சேர்த்தார்கள். 1995-ல் அந்த வரி காலாவதியானது, நிதி வற்றியது, வேலை மந்தமானது. 2021-ல்தான் ரசாயன வரியைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். பொருளிலேயே வரி இருந்தால்தான் பை காலியாகாது. விளையாட்டுத் திடல் கேட்கும் உங்கள் ஆட்களுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தின் கதையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

நம் நாட்டிலேயே ஒரு நல்ல முன்மாதிரி இருக்கிறது, அதை ஏன் ஆலைகளுக்குக் கொண்டுவரவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. நிலக்கரிச் சுரங்கம் நடத்துகிறவர் சுரங்கம் ஓடும்போதே மூடும் செலவுக்கென்று தனி எஸ்க்ரோ கணக்கில் வருடா வருடம் பணம் போட வேண்டும். 2009-ல் வந்த வழிகாட்டுதல், திறந்தவெளிச் சுரங்கத்துக்கு அப்போது ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று கணக்கு. முதலாளி இஷ்டத்துக்குத் தொட முடியாத பணம், கம்பெனி திவாலானாலும் அங்கேயே இருக்கும். மணலியில் ஒரு சிவப்பு வகை ஆலைக்கு, அதாவது அதிகம் மாசு செய்யக்கூடிய வகை ஆலைக்கு, வாரியம் தரும் இயக்க அனுமதியான இசைவாணையைப் புதுப்பிக்கும்போது இதே மாதிரி ஒரு வைப்பு அல்லது பேங்க் கேரண்டி கேட்டால் முதல் வாசல் அடைபட்டுவிடும்.

இரண்டாவது வாசல், மூடும் நேரம், அதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு அது கடந்துபோயிற்று. 2016-ல் வந்த திவால் சட்டத்தின்படி கம்பெனியைக் கலைத்தால் கிடைக்கும் பணத்தில் கலைப்புச் செலவு முதலில், அடுத்துத் தொழிலாளர் சம்பள பாக்கியும் அடமானம் வைத்திருக்கும் வங்கியும், அரசுக்குச் சேர வேண்டியது அதற்கும் கீழே. மண்ணுக்கு அந்த வரிசையில் நாற்காலியே இல்லை. கம்பெனியை அப்படியே வேறொருவர் எடுத்து நடத்தினால், ஒப்புக்கொண்ட திட்டத்தில் சேராத பழைய கோரிக்கைகள் அழிந்துபோகும் என்று உச்ச நீதிமன்றம் 2021-ல் சொல்லியிருக்கிறது. அதனால் அந்த நேரத்தில் வாரியம் தன் கோரிக்கையைத் தொகை போட்டு எழுதித் தராவிட்டால் விஷயம் முடிந்தது. பங்குச்சந்தையில் உள்ள கம்பெனி என்றால் ஆண்டறிக்கையின் குறிப்புகளில் இடத்தைச் சீரமைக்க ஒதுக்கீடு இருக்கிறதா என்று பாருங்கள், கணக்கியல் விதிகள் அதைக் கேட்கின்றன.

இப்போது உங்கள் வாசல். வங்கி ஏல அறிவிப்பில் "உள்ள இடத்தில், உள்ளது உள்ளபடி" என்று ஒரு வாசகம் இருக்கும். எல்லாத் தொல்லையும் வாங்குபவர் தலையில் என்று அர்த்தம். ஆனால் வங்கி ஏலங்களுக்கான சர்ஃபேசி சட்ட விதிகளில், 8(6) என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சொத்தின் தன்மையையும் மதிப்பையும் எடைபோட வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கிய விஷயங்களை அறிவிப்பில் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. எது முக்கியம் என்பதை முடிவு செய்வது வங்கியின் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரி. அவர் மேஜையில் ஒரு சோதனை அறிக்கை இல்லாத வரைக்கும் "எனக்குத் தெரியாது" என்று சொல்லலாம். அறிக்கையோடு உங்கள் சங்கத்தின் கடிதம் பதிவுத் தபாலில் போய்ச் சேர்ந்துவிட்டால் அப்படிச் சொல்வது சுலபமில்லை. அறிவிப்பில் மண் நிலவரம் வந்தால் ஏலம் கேட்கிறவர் அந்தச் செலவைக் கழித்துத்தான் கேட்பார். அதாவது சுத்தம் செய்யும் பணம் நிலத்தின் விலையிலிருந்தே பிரிந்துவிட்டது, வங்கியின் வசூல் அந்த அளவுக்குக் குறைகிறது. அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. அந்த நிலத்தை அடமானமாக வாங்கிய நாளில் வங்கியும் மண்ணைப் பார்க்கவில்லை.

ஆனால் விலை குறைந்து வாங்கியவர் அந்த மிச்சத்தை மண்ணில்தான் போடுவார் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இங்கேதான் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. வருகிறது. தொழிற்சாலை வகையில் உள்ள நிலத்தில் வீடு கட்ட வேண்டுமென்றால் நில வகை மாற்றம் கேட்க வேண்டும். நிலத்தின் மதிப்பு ஒரே தாளில் எகிறும் கணம் அது. விம்கோ நகர் வரைக்கும் 2021 பிப்ரவரியில் மெட்ரோ வந்த பிறகு உங்கள் பக்கத்து நிலம் என்ன விலை சொல்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஏற்றம் நிலக்காரர் உழைத்துச் சம்பாதித்ததல்ல, மக்கள் பணத்தில் போட்ட தண்டவாளம் கொண்டுவந்தது. வகை மாற்றத்துக்கான விண்ணப்பத்தின்மேல் ஆட்சேபணைக்கு அறிவிப்பு வரும். அப்போது சங்கம் எழுதிக் கேட்க வேண்டியது ஒன்றுதான். சுத்தம் செய்யும் மதிப்பீட்டுத் தொகையை எஸ்க்ரோவில் போடட்டும், வேலை ஒவ்வொரு கட்டமாக முடிந்து வாரியம் சான்று தரத் தர அந்தப் பணம் விடுவிக்கப்படட்டும், கடைசிச் சான்று வராமல் கட்டிட நிறைவுச் சான்றிதழ் தரக்கூடாது.

இதை நீங்கள் கேட்காவிட்டால் தானாக நடக்காது. 20,000 சதுர மீட்டருக்கு மேல் கட்டினால்தான் சுற்றுச்சூழல் அனுமதி என்ற சல்லடை வரும். உங்கள் 2 ஏக்கர் 8,094 சதுர மீட்டர். நிலப்பரப்பைப்போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்குதான் எஃப்.எஸ்.ஐ., உயரம் குறைந்த கட்டிடத்துக்கு அது 2 என்று வைத்தால் சுமார் 16,000. பார்க்கிங்கையும் சேர்த்து 20,000-க்குள் அடக்கிவிட்டால் மண்ணைப் பற்றி ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்காமலே மூன்று பிளாக் எழும்பிவிடும்.

மும்பையில் பஞ்சாலை நிலங்களுக்கு 1991-ல் ஒரு விதி வந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மாநகராட்சிக்குத் திறந்தவெளியாக, ஒரு பங்கு எளிய மக்களின் வீட்டுக்கு, மிச்சம் முதலாளிக்கு. 2001-ல் விதியைத் திருத்தி, கட்டிடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டும்தான் அந்தப் பங்கு என்றார்கள். 2006-ல் உச்ச நீதிமன்றமும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது. பங்கு சுருங்கிப்போனது. நம் பெரம்பூர் பின்னி மில் 1996-ல் மூடி, இன்று அங்கே அடுக்குமாடிகள். அந்த மில்லில் வேலை பார்த்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் விளையாட அங்கே எவ்வளவு இடம் கிடைத்தது என்று நீங்களே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். விதியில் ஒரு சொல் மாறினால் ஒரு திடல் போய்விடும், அதனால் எழுத்தில் வாங்குங்கள்.

விற்பனைக்குக் கட்டுகிறவர் வராமல் மாநகராட்சியே நிலத்தை எடுத்துத் திடலும் சுகாதார மையமும் கட்டினால்? அதற்கும் வழி உண்டு. ஜெர்மனியின் ரூர் பகுதியில் 1980-ல் மாநில அரசு நிலநிதி ஒன்றைத் தொடங்கி, கைவிட்ட சுரங்க, இரும்பாலை நிலங்களை வாங்கிச் சுத்தம் செய்து திரும்ப விற்றது. வந்த பணத்தில் அடுத்த நிலம். லாபம் வரும் நிலத்தின் காசு, லாபம் வராத நிலத்தைத் தாங்கியது. சென்னை மாநகராட்சி 2025-ல் 200 கோடி ரூபாய்க்குக் கடன் பத்திரம் வெளியிட்டது, சந்தையில் கடன் வாங்கும் தெம்பு இருக்கிறது. 2024-ல் தொடங்கிய வட சென்னை வளர்ச்சித் திட்டம் 4,181 கோடி என்ற அறிவிப்போடு வந்தது. சாலை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் அதில் வருகின்றன. அதில் சின்னதாக ஒரு சுழல்நிதியை ஆலை மண்ணுக்கென்று ஒதுக்கினால் போதும், பத்து நிலத்தின் ஆய்வுச் செலவை அது தாங்கும். உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் திடல் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள்.

எந்த அளவுக்குச் சுத்தம் என்பதும் செலவை மாற்றும். வெறும் பார்க்கிங் என்றால் மேலே கான்கிரீட் போட்டு மூடிவிடலாம். பிள்ளைகள் மண்ணில் புரளும் திடலுக்கு மேல்மண் முழுக்க நல்ல மண்ணாக இருக்க வேண்டும், அடியில் தடுப்பு விரிப்பும் வேண்டும். எதுவாக இருந்தாலும் அந்த வளாகத்துக்குள் போர் கிணறு கூடாது என்பதைப் பத்திரத்திலேயே ஏற்றச் சொல்லுங்கள், அப்போதுதான் நாற்பது வருடம் கழித்து வருகிறவருக்கும் தெரியும். பத்து வருடம் நிலத்தடி நீரைச் சோதிக்கும் செலவையும் முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்க வேண்டும். பெரும்பாலும் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள், பிறகு நீரைச் சோதிக்க இறக்கிய குழாய்க்குள் பிளாஸ்டிக் பாட்டிலைப் போட்டு அடைத்துவிடுகிறார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு, 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தக் கம்பெனியின் இசைவாணைகள், அபாயக் கழிவு அங்கீகாரம், வருடா வருடம் கொடுத்த கழிவுக் கணக்கு, சுற்றுச்சூழல் அறிக்கை எல்லாவற்றின் நகலையும் கேளுங்கள். என்ன ரசாயனம், எத்தனை டன் வந்தது, எத்தனை டன் கழிவு வெளியே போனதாகக் கணக்கு என்று அதில் இருக்கும். வந்ததற்கும் போனதற்கும் இடைவெளி இருந்தால் அது மண்ணுக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதோடு மாவட்ட ஆட்சியருக்கு, 2025 விதிகளின்படி இந்த சர்வே எண்ணைச் சந்தேகத்துக்குரிய இடமாகச் சேருங்கள் என்று ஒரு மனு. அடுத்த பகுதி சபைக் கூட்டத்திலும் இதைத் தீர்மானமாக எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

அந்த ஆலையில் வேலை பார்த்த பெரியவர்கள் உங்கள் தெருவிலேயே இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். ஒரு மாலை நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து, டேங்க் எங்கே நின்றது, ராத்திரி ஷிஃப்டில் கழிவை எங்கே திறந்துவிட்டார்கள், எந்தப் பள்ளத்தை மூடித் தளம் போட்டார்கள் என்று கேட்டு ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். எந்த அலுவலகக் கோப்பிலும் அந்த வரைபடம் கிடைக்காது. அதைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த எட்டு இடத்தில் துளை போட வேண்டும் என்று குறித்துத் தருகிறேன்.